பாண்டு வாத்தியமும் பெரிய மேளமும்

இசைத்தொழில் புரிவோர் இருந்து இசைப்பதும் உண்டு. நின்று இசைப்பதும் உண்டு. நடந்து இசைப்பதும் உண்டு. இம்மூன்றனுள் இருந்து இசைக்கும் இசையே இக்காலத்தில் கச்சேரி என்னும் பெயரால் மேன்மை பெற்று விளங்குகின்றது. அதற்கெனச் சபைகளும் நூல்களும் விமரிசகரும் ஏற்பட்டிருக்கின்றனர். நடந்து இசைக்கும் இசையோ தெருவுக்குரியதென்று ஒதுக்கப்பட்டு, கற்றோர் கவனத்தைப் பெரிதும் பெறாது கிடக்கின்றது. இருந்து இசைக்கத் தெரிந்தவன் எழுந்து நடந்தால் அதுவே நடையிசை ஆகிவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. நடக்குங்கால் மூச்சின் அளவு மாறுகின்றது, கருவி அசைகின்றது, உடன் இசைப்போர் முகம் தெரிவதில்லை, கேட்போரும் ஒருவரே அல்லர், தெருவுக்குத் தெரு வேறு வேறு மக்கள். ஆதலின் நடந்து இசைக்கும் குழுவுக்குத் தனி அமைப்பும் தனி ஒழுங்கும் வேண்டும். உலகின் இரு வேறு மூலைகளில் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரண்டு குழுக்களைக் கொண்டு அவ்வொழுங்கை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் பாண்டு வாத்தியம். மற்றொன்று நம் வீதிகளில் வரும் பெரிய மேளம்.

வைகையின் வடகரையில் தல்லாகுளத்தில் பயிலும் மாணாக்கருக்கு இப்பொருள் முற்றும் புதியதன்று. அமெரிக்கன் கல்லூரி 1909ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றுள்ள இவ்விடம், சித்திரைத் திருவிழாவின் வழியிலேயே அமைந்திருக்கின்றது. அழகர்கோயிலினின்று புறப்பட்டு வரும் கள்ளழகரை மதுரை மக்கள் மூன்றுமாவடியில் எதிர்சேவை செய்து வரவேற்பர். அவர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூரினின்று வரும் ஆண்டாள் மாலையை அணிந்து, மறுநாள் விடியலில் வைகையில் இறங்குவர். அந்நாள்களில் தல்லாகுளத்தில் வாழ்வோர் விரும்பினும் விரும்பாவிடினும் மேளவொலி கேளாதிருத்தல் இயலாது. ஆயினும் அவ்வொலிக்குள் என்ன ஒழுங்கு இருக்கின்றது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. கடல் கடந்த பாண்டு வாத்தியத்தின் ஒழுங்கை முதலில் கண்டு, பின்னர் நம்முடையதை நோக்குவோமாயின், அருகிலிருப்பதனாலேயே நம் கண்ணுக்குப் படாத பல செய்திகள் புலனாகும்.

அமெரிக்காவிற் கல்லூரி உள்ள இடத்திற் காற்பந்துப் பந்தயமும், பந்தயம் உள்ள இடத்திற் பாண்டு வாத்தியமும் பிரியாது நிற்கும். அங்குக் காற்பந்து எனப்படுவது நாம் ஆடும் ஆட்டமன்று. நீண்ட முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் வேறோர் ஆட்டம். பாண்டு வாத்தியம் அக்கல்லூரிகளுட் புகுந்தது படையின் வழியாக. 1862ஆம் ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட மாரில் சட்டம், உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு மாகாணந்தோறும் நிலம் வழங்கியது. அக்கல்லூரிகள் படைப்பயிற்சியையும் கற்பித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு. அணிவகுத்து நடக்கும் மாணவருக்கு முரசும் குழலும் வேண்டியிருந்தன. அவ்வாறு தோன்றிய சிறு குழுக்கள் பலவே பின்னர்ப் பெரும் பாண்டு வாத்தியங்களாக வளர்ந்தன. இச்சட்டத்திற்கு முன்னரே, 1845ஆம் ஆண்டு தொடங்கி, நோட்டர் டேம் பல்கலைக் கழகத்திற் குழு ஒன்று இருந்து வருவதாக அக்கழகத்தார் பெருமை கொள்வர்.

நெடுங்காலம் இக்குழுக்கள் படைவீரர் போல நேர்வரிசையிலேயே நடந்து வந்தன. 1907ஆம் ஆண்டில் இந்தியானா மாகாணத்துப் பர்தூ பல்கலைக் கழகத்துக் குழுவினர் வரிசையைக் கலைத்து, ஆட்டக்களத்தின் நடுவே தம் கழகத்தின் முதலெழுத்து வடிவாக நின்று இசைத்தனர். அன்று தொட்டு ஆட்டக்களம் ஒரு பெரிய கற்பலகையாகவும், இசைப்போர் அதன்மேல் எழுதும் எழுத்தாகவும் ஆயினர். இது சிறு விளையாட்டுப் போலத் தோன்றினும் குழுவின் அமைப்பையே மாற்றிவிட்டது. நேர்வரிசையில் நடப்பவன் முன்னிருப்பவன் முதுகைப் பார்த்தால் போதும். எழுத்தாக நிற்பவனோ, இந்தத் தாளத்தின் இந்த அடிக்குத் தான் நிற்கவேண்டிய இடம் இதுவென ஒவ்வொரு கணமும் அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்காக அவர்கள் வகுத்துள்ள கணக்கு எளியது, உறுதியானது. ஆட்டக்களம் 100 கெஜ நீளமுடையது; அதன்மேல் ஐந்து கெஜத்திற்கு ஒரு கோடாக வெள்ளைக் கோடுகள் இடப்பட்டிருக்கும். ஒரு கோட்டினின்று அடுத்த கோட்டிற்குச் சரியாக எட்டு அடிகளில் நடத்தல் வேண்டும் என்பது பெருவழக்கு. அஃதாவது ஓரடிக்கு 22.5 அங்குலம். நெட்டையனும் குட்டையனும் ஒரே அளவாக அடி வைக்கப் பழகுகின்றனர். நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை முடியும்போது ஒரு கோடு கடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் இக்கணக்கு நமக்கு எளிதில் விளங்கும். காலும் தாளமும் நிலமும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன.

இனிக் குழுவின் ஆட்சிமுறையைக் காண்போம். பல்கலைக் கழகத்தில் ஊதியம் பெறும் பேராசிரியர் ஒருவர் இயக்குநராக இருப்பர். அவருக்குத் துணையாசிரியர் உண்டு. களத்தில் ஆணை செலுத்துபவர் டிரம் மேஜர் எனப்படும் மாணவர். கையிற் கோலேந்தி, தலையில் இறகு சூடிய உயர்ந்த தொப்பியணிந்து முன்னே வருபவர். அவருக்குக் கீழ், டிரம்பெட், டிரம்போன், கிளாரினெட், முரசு என ஒவ்வொரு பிரிவுக்கும் பிரிவுத் தலைவர் உளர். இசைக்குறிப்பைக் காப்போர், உடை காப்போர், கருவி பழுது பார்ப்போர், கொடி வீசுவோர் எனப் பிறரும் பலர். பெரிய கழகங்களில் ஒரு குழுவில் இருநூறு பேருக்குக் குறையார். சிலவற்றில் முந்நூறுக்கும் மேற்படுவர். இவர்களுள் இசையையே சிறப்புப் பாடமாகக் கொண்டோர் பலரல்லர். பொறியியலும் விஞ்ஞானமும் வணிகமும் பயில்வோரே மிகுதி. கல்லூரி திறக்கும் முன்னரே, ஆகஸ்டு மாதத்து வெயிலில், அனைவரும் கூடிக் காலைமுதல் மாலைவரை பயிற்சி செய்வர். ஓகையோ மாகாணப் பல்கலைக் கழகத்தில் ஒரு கடுமையான வழக்கம் உண்டு. களத்தில் இடம் பெறாத மாற்று உறுப்பினர், இடம் பெற்றவர் ஒருவரை வாரந்தோறும் அறைகூவலாம். இருவரும் இசைத்தும் நடந்தும் காட்ட, வென்றவர் அவ்வாரப் பந்தயத்தில் இடம் பெறுவர். பழைய உறுப்பினர் என்ற உரிமை யாரையும் காப்பாற்றாது. நம் கல்லூரி ஆட்டக்குழுக்களில் இம்முறை புகுந்தால் பலர் வருந்துவர்.

கருவிகளும் நடைக்கேற்ப மாறியிருக்கின்றன. பிரெஞ்சு ஹார்ன் என்னும் கொம்பின் வாய் பின்னோக்கி இருக்கும். திறந்த வெளியில் அதன் ஒலி கேட்போரை அடையாது வீணாகும். ஆதலின் வாய் முன்னோக்கிய மெல்லோபோன் அதற்கு ஈடாக ஏந்தப்படுகின்றது. மந்தர ஒலிக்குரிய பெருங்கொம்பைத் தோளில் மாலைபோற் சுற்றி அணியுமாறு செய்த கருவிக்குச் சூசாபோன் என்று பெயர். அமெரிக்கக் கடற்படை வீரரின் பாண்டு வாத்தியத்தை 1880 முதல் 1892 வரை நடத்திய ஜான் பிலிப் சூசா என்பார் விருப்பப்படி அமைந்ததனால் அது அப்பெயர் பெற்றது. பெருமுரசுகளோ வெவ்வேறு அளவினவாகப் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஓரறைதான் அறைவர், அடுத்தவர் அடுத்த அறை. எல்லாம் சேர்ந்து ஒருவரே வாசித்த சொற்கட்டாகக் கேட்கும்.

இத்துணைப் பேரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவதில் இயற்கையே ஓர் இடையூறு செய்கின்றது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் தூரம் செல்லும். ஆட்டக்களத்தின் ஒரு கோடியில் அறைந்த முரசொலி மறுகோடியை அடையக் கால் விநாடிக்குச் சற்று மேலாகும். நிமிடத்திற்கு 120 அடி நடப்பவருக்கு ஓரடி அரை விநாடி. ஆகவே, மறுகோடியில் நிற்பவர் தம் காதை நம்பி வாசித்தால் அரையடி பிந்திவிடுவர். காதை நம்பாதே, கண்ணை நம்பு என்பதே அங்கு மாணவருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். டிரம் மேஜரின் கை அசைவு ஒளியின் வேகத்தில் அனைவரையும் அடைகின்றது. அவர் ஏந்தும் கோல் வெறும் அலங்காரமன்று என்பது இதனாற் பெறப்படும்.

பந்தய நாளின் மரபுகள் கழகத்திற்குக் கழகம் வேறுபடும். ஓகையோவில், பந்தயத்திற்குச் சில மணி நேரம் முன்னர் மூடிய அரங்கொன்றிற் குழுவினர் கூடி அன்றைய இசையனைத்தையும் பெருங்கூட்டத்தின் முன் வாசிப்பர். பின்னர் ஆட்டரங்கிற்கு அணிவகுத்துச் சென்று, சரிவான வாயில் வழியே முரசு முழங்கக் களத்தில் இறங்குவர். டிரம் மேஜர் பின்புறமாக வளைந்து, தம் தொப்பியின் இறகு தரையைத் தொடுமாறு செய்வர். யாவற்றினும் புகழ் பெற்றது, குழு முழுவதும் ஒரே சங்கிலியாக வளைந்து வளைந்து நடந்து மாகாணத்தின் பெயரைக் கூட்டெழுத்தாகக் களத்தில் எழுதும் நிகழ்ச்சி. இது 1936ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதன்முதல் நிகழ்த்தப்பட்டது. அவ்வாங்கிலப் பெயரின் மூன்றாமெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி வேண்டும் அன்றோ? சூசாபோன் தாங்கிய ஒரு மாணவர் டிரம் மேஜரோடு எட்டெடுத்து வந்து அப்புள்ளியாக நின்று அரங்கின் இருபுறமும் வணங்குவர். அவ்விடத்தில் முதல் முறை நின்றவர் டிரம்பெட் ஊதியவர். சூசாபோனின் பருமைதான் புள்ளிக்கு ஏற்றது என்று விரைவிலேயே கண்டுகொண்டனர். ஓராண்டு அப்புள்ளியாக நிற்பதற்கென்றே நான்காண்டு உழைப்போர் உளர்.

முரசின் அளவு பற்றியும் அவர்களிடையே ஒரு நெடுவழக்கு நடக்கின்றது. பர்தூவினர் 1921ஆம் ஆண்டு முதல் சக்கரத்தில் வைத்து இழுத்து வரும் பெருமுரசே உலகிற் பெரியது என்பர். டெக்சாஸ் பல்கலைக் கழகத்தார் தம்முடையதே பெரியது என்பர். பர்தூவினர் தம் முரசின் அளவைப் புறத்தார்க்கு வெளியிடுவதில்லை. ஆகவே வழக்குத் தீரவும் வழியில்லை. முரசைக் காத்தலும் பகைவர் முரசைக் கைப்பற்றுதலும் பற்றிச் சங்கப் பாடல்களைப் பயின்ற நமக்கு இவ்வழக்கின் சுவை நன்கு புலனாகும்.

மற்றொரு போக்கும் அங்கு உண்டு. நீக்ரோ மக்கள் எனப் பண்டு வழங்கப்பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர், பிற கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் தமக்கெனக் கொண்ட கல்லூரிகளில், பாண்டு வாத்தியத்தை ஆடலோடு கலந்து புதியதொரு கலையாக்கினர். புளோரிடா விவசாய இயந்திரப் பல்கலைக் கழகத்தில் 1946 முதல் 1998 வரை இயக்குநராக இருந்த வில்லியம் பாஸ்டர் இதில் முதல்வர். அவர் குழு 1989ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவிற் பாரிசு நகர வீதியில் நடந்தது. இப்புகழ் பெற்ற குழுவிலேயே, புதியோரை வதைக்கும் தீய வழக்கத்தால் 2011இல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன்மேற் குழு 2013 வரை களமிறங்காது நிறுத்தப்பட்டது. ஒழுங்கு என்னும் பெயரால் நிகழும் கொடுமையை இக்குழுக்களின் வரலாற்றில் மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. பெண்களை விலக்கி வைத்ததும் அத்தகையதே. கல்வியில் ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாதென 1972இற் சட்டம் பிறந்த பின்னரே, 1973இல், ஓகையோக் குழுவில் முதன்முதற் பெண்கள் இடம் பெற்றனர்.

பந்தய நாளில் வாத்தியம் முழங்கும் வழக்கம் தமிழர்க்கும் உண்டோ எனின், யாழ்ப்பாணத்தில் உண்டு. அங்கு மிஷன்களால் நிறுவப்பெற்ற மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் கிரிக்கெட்டில் எதிர்த்து வருகின்றன; போர்க்காலத்தில் தடைப்பட்டும் அழியாத அப்பந்தயத்திற்கு வடக்கின் பெருஞ்சமர் என்று பெயர். இலங்கைப் பள்ளிப் பந்தயங்களிற் பப்பரே என்னும் துள்ளல் இசையை எக்காளமும் முரசும் கொண்டு முழக்கிப் பழைய மாணவரும் புதிய மாணவரும் ஆடுவர். ஆயினும் அஃது உவகையின் இசையே, அணிவகுப்பின் இசையன்று. நடையும் இசையும் ஒன்றாகப் பிணைந்த குழுவை நாடுவோமாயின், பந்தய நாளை விட்டுத் திருநாளுக்கே வருதல் வேண்டும்.

நாகசுரமும் தவிலும் கொண்ட குழுவைப் பெரிய மேளம் என்றும், சதிராட்டத்திற்குரிய குழுவைச் சின்ன மேளம் என்றும் முன்னோர் பிரித்தனர். மேனாட்டு வாத்தியத்தோடு உறவு கொண்டது சின்ன மேளமே. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் அரண்மனையில் ஐரோப்பிய முறைப் பாண்டு வாத்தியம் ஒன்றை வைத்திருந்தார். கிளாரினெட் என்னும் குழல் நாளடைவிற் சதிராட்ட மேளத்துட் புகுந்தது. பெரிய மேளம் அவ்வாறு பிறர் கருவியைக் கொள்ளாது நின்றது. இதன் பழைய அமைப்பில், நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து ஒன்று, தாளம் ஒன்று. ஆக அறுவர். இருநூறு பேர் கொண்ட அமெரிக்கக் குழுவோடு இதனை ஒப்பிடுதல் தகுமோ என்று கேட்கலாம். தெரு முழுவதையும் ஒலியால் நிரப்புதல் இரண்டிற்கும் பொதுவான கடமை. அதனை அறுவரைக் கொண்டு முடித்ததே நம்மவர் திறம்.

இவ்வறுவரிடையேயும் ஆட்சி உண்டு. முதல் நாகசுரக்காரர் தலைவர். அவர் வாசித்த பிடியைத் துணைவர் பின்தொடர்ந்து வாசித்து அவருக்கு மூச்சு வாங்க இடம் தருவர். ஒத்து ஊதுபவர் கன்னத்திற் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுத்து, ஆதார சுருதி ஒன்றையே இடையறாது ஊதுவர். ஒத்தூதுதல் என்று நாம் இகழ்ச்சியாக வழங்கும் சொல் இவர் தொழிலினின்று பிறந்தது. இவர் ஒரு கணம் நிறுத்தினால் தலைவருக்கு நிலைக்களமே இல்லை என்பதை அச்சொல் வழங்குவோர் அறியார். தவிற்காரர் பலாமரத்தாலான கூட்டைத் தோள்வாரில் தொங்கவிட்டு, வலக்கை விரல்களில் துணியைப் பசையிட்டு இறுக்கிச் செய்த கூடுகளை அணிந்தும், இடப்புறத்தைக் கோலால் அறைந்தும் வாசிப்பர். தாளக்காரர் வேறெதுவும் செய்யார். காலக்கணக்கு அவர் கையில் இருக்கின்றது. டிரம் மேஜரின் கோல் இங்கில்லை, தேவையும் இல்லை. அறுவரும் பன்னிரண்டடி இடத்துள் நிற்றலால், ஒருவர் ஒலி மற்றவரை அடைய விநாடியில் நூற்றிலொரு பங்கே ஆகும். ஆதலின் இங்குக் காதையே நம்பலாம். தலைவர் ஓர் இராகத்தை முடிக்கும் குறிப்பைக் குழலிலேயே காட்ட, தவில் தீர்மானம் வைத்து நிறுத்தும்.

நடையின் அளவை வகுப்பவரும் இவரல்லர். சுவாமியைத் தோளிற் சுமந்து வரும் சீர்பாதந்தாங்கிகளின் காலே அளவுகோல். அவர்கள் அசைந்து அசைந்து வைக்கும் நடைக்கு மேளம் இசைதல் வேண்டும். மேளத்தின் விறுவிறுப்புக்கு அவர்கள் தோளும் இசையும். பளுவைத் தாங்குவோர்க்கு இசை ஓர் உதவி என்பதை உணர, மேளம் நின்ற இடத்தில் அவர்கள் நடை எவ்வாறு தளர்கின்றது என்று நோக்கினால் போதும்.

வாசிக்கும் இசையோ இடத்தாலும் பொழுதாலும் வரையறுக்கப்பட்டது. சுவாமி புறப்படுங்கால் முதலிற் தவில் மட்டும் அலாரிப்பு முழக்கும், அதன்மேல் மல்லாரி. மல்லாரி என்பது சொல்லில்லாத இசை; கம்பீர நாட்டை இராகத்தில், ஒரே உருவை விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று காலத்திலும், திச்ர நடையிலும் வாசிப்பது. திருமஞ்சன நீர் கொணரும்போது வாசிப்பது தீர்த்த மல்லாரி. திருவமுது கொணரும்போது தளிகை மல்லாரி. தேர் புறப்படும்போது தேர் மல்லாரி. வீட்டினுள் இருப்பவரும் ஒலியைக் கேட்டே இன்னது நிகழ்கின்றது என்று அறிந்துகொள்வர். வீதிக்கு வந்த பின்னர் இராக ஆலாபனைக்கு இடமுண்டு. ஏழெண்ணிக்கைத் தாளத்தில் நெடுநேரம் விரித்து வாசிக்கப்படும் ரக்தி என்பதும், கீர்த்தனங்களும் அங்கு வாசிக்கப்படும். தெப்பத் திருநாளில், வண்டியூர்த் தெப்பக்குளம் போன்ற இடங்களில், ஓடப்பாட்டிற்குரிய மெட்டு வரும். உலா முடிந்து திரும்பியபின் ஊஞ்சலும் லாலியும். விடியலிற் பூபாளமும் பௌளியும், நண்பகலில் மத்தியமாவதியும், மாலையிற் பூர்விகல்யாணியும், பள்ளியறைப் பொழுதில் நீலாம்பரியும் வாசித்தல் மரபு.

மதுரை நகரின் அமைப்பே இம்முறைக்கு ஏற்றதாக இருக்கின்றது. கோயிலைச் சூழ ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றை ஒன்று சூழ்ந்து வீதிகள் உள்ளன. உள்வீதியிற் சுற்றும் உலாவுக்கு இசை குறுகும். மாசி வீதியிற் சுற்றும் உலாவுக்கு இசை விரியும். அமெரிக்க மாணவனுக்கு ஆட்டக்களத்துக் கோடுகள் எழுதிய வரைபடம் ஒன்று கையில் உண்டு. இந்நாளில் அதனைக் கணிப்பொறியே வரைந்து தருகின்றது. நம் மேளக்காரருக்கு எழுதிய வரைபடம் இல்லை. வீதியும் வாயிலும் மூலையுமே அவர் வரைபடம். இவ்விடத்தில் இது என்பதை அவர் தந்தையோடு நடந்து கற்றார். ஒரு வீதியைச் சுருக்கினால், அவர் இசையில் ஓர் ஏட்டைக் கிழித்ததற்கு ஒப்பாகும்.

அழகர் எழுந்தருளும் வழியில், தல்லாகுளம் முதலிய இடங்களில், இத்தகைய ஒழுங்குள்ள மேளத்தை மட்டும் கேட்க எண்ணுதல் கூடாது. நாட்டுப்புறத்தார் கூட்டங்கூட்டமாக வரும்போது, நாகசுரத்தோடும் தவிலோடும் பம்பையும் தமுக்கும் சேர்ந்த நையாண்டி மேளமும் வரும். அதன் இலக்கணம் வேறு. ஆடுவோர் காலுக்கு அது கட்டுப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து இரைச்சல் என்று தள்ளிவிடுவோர் இரண்டையும் கேளாதவரே ஆவர்.

மதுரைக்கு இத்துறையிற் பெரும் பெயருண்டு. 1877இற் பிறந்து 1929இல் மறைந்த பொன்னுசாமிப் பிள்ளை நாகசுர வித்துவானாக மட்டும் அமையாது, இராகங்களின் பகுப்பைப் பற்றிப் பூர்வீக சங்கீத உண்மை என்னும் நூலும் இயற்றினார். அவர் பேரர்களாகிய சேதுராமனும் பொன்னுசாமியும் 1968இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் திரைப்படத்திற்கு நாகசுரம் வாசித்தவர்கள். ஆடவர்க்கே உரியதெனப்பட்ட இக்கருவியை ஏந்தி மதுரையிற் புகழ் பெற்ற எம். எஸ். பொன்னுத்தாய் 2012இல் மறைந்தார். ஓகையோவிற் பெண்கள் களமிறங்கிய 1973க்கு முன்னரே அவர் நாகசுரத்தாற் பெயர் பெற்றிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கருவியின் மாற்றத்தையும் சிறிது கூறுதல் வேண்டும். பழைய நாகசுரம் திமிரி எனப்படும். குறியது, உச்ச சுருதியுடையது, தெருவுக்கு ஏற்றது. பின்னர் வந்த பாரி நாகசுரம் நெடியது, தாழ்ந்த சுருதியுடையது. இதனைப் பெருவழக்காக்கியவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை; அவர் காலம் 1898 முதல் 1956 வரை. கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையின் ஆசாரிமார் ஆச்சா மரத்தில் இக்கருவியைக் கடைந்து தருகின்றனர். 2022இல் அவ்வூர் நாகசுரம் புவிசார் குறியீடு பெற்றது. மேளக்காரர் மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நிற்றல் வேண்டும் என்றிருந்த இழிவழக்கத்தைப் பொருட்படுத்தாது, தாம் விரும்பிய உடையணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தவர் இராசரத்தினம் பிள்ளை. அதனால் நாகசுரக்காரர் மதிப்பு உயர்ந்தது. அது மிக வேண்டுவதாகவே இருந்தது. ஆயினும் மதிப்பு மேடைக்குக் கிடைத்தது, வீதிக்குக் கிடைக்கவில்லை. அமர்ந்து வாசிக்கும் வித்துவானுக்கு மாலையும் பட்டமும். அதே மல்லாரியை நள்ளிரவில் நான்கு வீதியும் நடந்து வாசிப்பவருக்குக் கிடைப்பது சிறு ஊதியம்.

இப்போது நேர்ந்திருக்கும் இடர் இதுவே. நெடிய இரவுலாக்கள் பல ஊர்களிற் சுருங்கிவிட்டன. சுருங்கியபோது ரக்தியும் பெரிய மல்லாரியும் வாசிக்க நேரமில்லாது போயின. சிறு கோயில்கள் பலவற்றில் மின்விசையால் தானே அறைந்து ஒலிக்கும் முரசு மணிப்பொறி மேளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பொறிக்குக் காலை மாலை வேற்றுமை தெரியாது. அரசாங்க இசைக் கல்லூரிகளிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன என்பது உண்மை, நன்மையே. எனினும் வகுப்பறையில் அமர்ந்து கற்கும் மல்லாரிக்கும், தோளிற் பளுவேந்தியோர் முன்னே நடந்து வாசிக்கும் மல்லாரிக்கும் வேற்றுமை உண்டு. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள், படைக்குரியதாயிருந்த இசையைத் தமக்குள் ஏற்று, ஆசிரியரும் பொருளும் பயிற்சிக்களமும் தந்து, பொறியியல் மாணவனும் அதிற் சேர்ந்து நடக்குமாறு செய்தன. நம் கல்லூரிகளோ தேசிய மாணவர் படைக்கு வேண்டிய முரசுக் குழுவோடு நின்றுவிட்டன. மேளம் கல்லூரி வாயில் வரை வந்து கடந்து செல்கின்றது. உள்ளே அழைத்தார் இலர். மேளக்காரர் பிள்ளைகளாகக் கல்லூரிக்கு வருவோரும், இதனைத் தம் தொழிலென்று சொல்ல நாணுகின்றனர் என்றால் குற்றம் அவர்களுடையதன்று. வித்துவான் ஒருவரை ஆண்டுக்குச் சில வாரமேனும் அழைத்து, விரும்பும் மாணாக்கர் அவரோடு நடந்து தாளமேனும் போடக் கற்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அதுகாறும், வீதியுலாவைக் கேட்கச் செல்லும் மாணாக்கர் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு செல்லலாம். புறப்பாடு எந்த நாழிகையில், எந்த வாயிலில் நிகழ்ந்தது. அலாரிப்புக்கும் மல்லாரிக்கும் இடையே எவ்வளவு நேரம். இராகம் எந்த மூலையில் மாறியது. சீர்பாதந்தாங்கிகள் எங்கே தோள் மாற்றினர். அப்போது மேளம் என்ன செய்தது என்பனவற்றைக் குறித்துக்கொள்க. இரண்டு ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால் எது நிலைத்தது, எது விடப்பட்டது என்பது விளங்கும். மல்லாரியின் தாளத்தை எண்ண விரும்புவோர் தாளக்காரர் கையையே நோக்கி எண்ணுதல் நலம். தவிலைக் கேட்டு எண்ணத் தொடங்கினால் மூன்றாங் காலத்திற் கணக்கு நழுவிவிடும்.